வேறொருத்தியின் பெயரில் ஒரு கார்

மலையில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவேண்டிய வீடு நான்கு மழைக்காலங்கள் தள்ளிப்போனது. அவருடைய பெயரில் ஒரு கார் இருந்ததுதான் காரணம். கார் வைத்திருப்பவருக்கு இலவச வீடு எதற்கு என்று பட்டியலில் இருந்து அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். அந்தக் கார் அவரிடம் இல்லை. அது மட்டக்களப்பில், வாவிக்கரையில், என் மனைவியின் வீட்டு முற்றத்தில் நின்றது. ஓட்டியவன் நான். அதைச் சொல்லி அவர் எழுதிய கடிதங்களும் என்னிடமே இருந்தன.

என் மனைவியின் வீடு என்று நான் எழுதியது கைதவறி அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. பெண்பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பன் அவள் நடக்கப் பழகுமுன்னரே அவளுக்கு ஒரு வளவு தேடத் தொடங்கிவிடுவான். கலியாணத்துக்கு முன் வீட்டையும், இருந்தால் வயலையும் அவள் பெயருக்குச் சீதன உறுதியாக எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவான். நானும் ஒரு பெட்டியோடுதான் வந்து ஏறினேன். இந்த வீடு அவளுடையது. வாவிக்கு மேற்கே வவுணதீவில், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் இருக்கும் ஐந்து ஏக்கரும் அவளுடையது. ஐம்பது வருடமாக அவள் வீட்டில் குடியிருக்கிறேன். அதில் எனக்கு ஒருநாளும் குறை தோன்றியதில்லை.

என் தொழிலும் அதுதான். நாற்பது வருடம் நொத்தாரிசாக, காணி உறுதிப்பத்திரம் எழுதுபவனாக இருந்தேன். ஊரில் எத்தனை பெண்களின் சீதன உறுதியை என் கை எழுதியது என்று எனக்கே தெரியாது. எந்தக் காணிக்கு எந்தப் பக்கம் பூவரசு வேலி, எந்தப் பக்கம் வாவி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கையெழுத்து வைக்க வந்து உட்காருபவர்களுக்கெல்லாம் ஒரே புத்திதான் சொல்லுவேன்: "காசு குடுத்தாச் சொத்து வராது. பேர் மாறினாத்தான் வரும்." அதைக் கேட்டுக் கேட்டு, என் கந்தோரில் வேலை செய்த எழுதுவினைஞர் நான் வாய் திறக்குமுன் தானே சொல்லி முடித்துவிடுவார்.

அப்படிப்பட்டவன்தான், தொழிலை விட்ட பிறகு, செங்கலடிச் சந்தியில் ஒரு தரகரிடம் அந்தக் காரை வாங்கினேன்.

பதுளையிலிருந்து இறங்கிவரும் வீதி செங்கலடியில்தான் எங்கள் பெருந்தெருவைச் சந்திக்கிறது. மலையில் ஓடிய வாகனங்கள் அந்த வழியாகக் கீழே வந்து அங்கே கைமாறும். அந்தக் கார் சின்னது, பழையது, பால் திரிந்த வெள்ளை. இலக்கத்தகட்டில் ஊவா மாகாணத்து எழுத்துகள். கதவைத் திறந்தபோது உள்ளே இருந்து ஒரு வாசம் வந்தது. குளிர்ந்த, கசப்பான, இலையின் வாசம். வெயிலில் வேகும் சந்தியில் நின்றுகொண்டு அதை மூக்கில் வாங்கியபோது, ஒரு மலைச்சரிவின் காலைநேரம் முழுவதும் காருக்குள் அடைத்துக் கிடப்பதுபோல் இருந்தது. வாங்குவதென்று அப்போதே முடிவாகிவிட்டது.

"பதிவுப் புத்தகம் ஆருட பேரில?" என்று கேட்டேன்.

"ஒரு பொம்புளையிட பேரில, சேர்," என்றார் தரகர். "புருசன் ஹயர் ஓடினவர். செத்துப்போனதும் அவட பேருக்கு மாத்தி, அவ வித்தது. எல்லாம் கிளீன். இந்தா, கையெழுத்து வெச்ச போம். இந்தா, அடையாள அட்டையிட கொப்பி. ஓப்பின் பேப்பரில எடுங்க."

ஓப்பின் பேப்பர் என்றால், பெயர் மாற்றும் படிவத்தில் விற்பவர் மட்டும் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குபவர் பெயரும் திகதியும் வெறுமையாக இருக்கும். வாங்கியவர் நிரப்பி மோட்டார் வாகனக் கந்தோருக்குக் கொண்டுபோனால் வாகனம் அவர் பெயருக்கு மாறும். நிரப்பாமல் அப்படியே இன்னொருவருக்கும் கொடுக்கலாம். அவர் வேறொருவருக்குக் கொடுக்கலாம். புத்தகத்தில் மட்டும் பழைய பெயர் அசையாமல் இருக்கும்.

"நான் உடனே மாத்திருவன்," என்றேன்.

தரகர் சிரித்தார். "மாத்துங்க சேர். மாத்தினா இன்னொரு பேர் ஏறும். கை கூடினா விலை குறையும். இந்தச் சந்தியில நிக்கிற வாகனத்தில பாதி செத்துப்போன ஆக்கள்ற பேரிலதான் ஓடுது. ஒண்டும் எழும்பி வந்து கேக்கல்ல."

மாற்றத்தான் நினைத்தேன். அந்த மாதம் மழை. அடுத்த மாதம் வயலில் சூடடிப்பு. அதன்பின் வேறு ஏதோ. படிவத்தையும் அட்டைப் பிரதியையும் வீட்டில் மிகவும் பத்திரமான இடத்தில் வைத்தேன். அலுமாரியில் மனைவியின் சீதன உறுதி இருக்கும் மண்ணிற உறைக்குள். என்னைப் பொறுத்தவரை அது ஒரு கௌரவம்.

அந்தக் கார் எனக்குச் செய்த மயக்கத்தையும் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது எனக்கே விளங்காது.

விடியற்காலையில் வயல் பார்க்கப் போவேன். வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். மாசி மாதத்தில் அதன்மேல் மெல்லிய பனிப்புகார் கிடக்கும். வானமும் வாவியும் ஒரே சாம்பல். தோணிகள் தண்ணீரில் நிற்கின்றனவா காற்றில் நிற்கின்றனவா என்று தெரியாது. இறால் வலைக்காரன் ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையைத் திருப்பிப் பார்ப்பான். கண்ணாடியை ஏற்றிவிட்டால் காருக்குள் அந்த மலை வாசம் எழும். கீழே உப்புத்தண்ணீர், உள்ளே குளிர்ந்த இலை. நான் இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருப்பேன்.

வெயில் எழும்பி முன்கண்ணாடியில் படும்போது, அதில் ஒட்டியிருந்த வரிப்பத்திரத்தின் தாளினூடாக எழுத்துகள் இடம்வலமாகத் தெரியும். அவற்றுள் ஒன்று அந்தப் பெண்ணின் பெயர். வருடாவருடம் பத்திரத்தைத் தரகர் பதுளையிலிருந்தே எடுப்பித்துத் தருவார். ஒவ்வொரு காலையும் பாலத்தின் நடுவில் அந்தப் பெயரைப் பின்னாலிருந்து முன்னாக எழுத்துக்கூட்டி வாசிப்பேன். வாழ்க்கை முழுவதும் மற்றவர்களின் பெயரைக் காணிகளின்மேல் எழுதிவந்த எனக்கு, என் பெயர் ஒட்டாத ஒரு பொருளுக்குள் இருப்பது சுகமாக இருந்தது. பாலத்தில் நான் நொத்தாரிசு இல்லை. யாருமில்லை. அவரை ஒரு புகார் மூடிய மேட்டில், சால்வை போர்த்தி, எதையும் கேட்காமல் நிற்கும் ஒரு உருவமாகக் கற்பனை செய்துவைத்திருந்தேன். கேட்காதவராகக் கற்பனை செய்தது எனக்கு வசதி.

மனைவிக்கு மயக்கமேதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகக் காரில் ஏறும்போதெல்லாம் தொடங்குவாள்.

"வீடு என்ட பேரில. வயல் என்ட பேரில. கார் ஆருட பேரில? வேற பொம்புளையிட பேரில! நொத்தாரிசையாக்குச் சொந்தப் பேரில ஒரு சாமானும் ஒட்டாது போல."

"அவ ஆரெண்டே எனக்குத் தெரியா."

"தெரியாதவட காரில சாறியும் கட்டிக்கிட்டு நான் கோயிலுக்குப் போறன். ஒரு நாளைக்கு வந்து, அக்கா இறங்குங்க எண்டு சொன்னா என்ன செய்ற?"

"மாத்துவம்."

"ஓம், மாத்துவீங்க. நான் செத்தாப் பிறகு அவளையே கட்டிரலாம் எண்டு வெச்சிரிக்கீங்க."

வாங்கி மூன்று வருடம் போன பிறகு முதல் கடிதம் வந்தது. கோடு போட்ட கொப்பித்தாளில், நேரான எழுத்து. என் விலாசத்தைத் தரகரிடம் கேட்டு வாங்கியதாக எழுதியிருந்தார். நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு மேலேயுள்ள மண்மேடு வெடித்துவிட்டது, அங்கே இருக்கக்கூடாது என்று பலகை அடித்திருக்கிறார்கள், பெருமழை பெய்தால் எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கிறோம், வேறிடத்தில் வீடு கட்டித் தருகிறார்கள், எங்கள் பெயரும் பட்டியலில் இருந்தது, என் பெயரில் கார் இருப்பதாகக் கணினி காட்டுவதால் வெட்டிவிட்டார்கள். கடைசி வரி இப்படி இருந்தது: "தாங்கள் கார் புத்தகத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் எனக்கும் மகளுக்கும் வீடு கிடைத்துவிடும், ஐயா."

கடிதம் வந்தது வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி நின்றிருந்த காலம். பழைய கார்களுக்கெல்லாம் திடீரென்று மாப்பிள்ளை மவுசு. நல்ல விலை வந்தால் விற்றுவிடலாம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மாற்றினால் புத்தகத்தில் இன்னொரு கை கூடும். யாராவது ஓப்பின் பேப்பரில் வாங்கிப்போனால் அவன் மாற்றட்டும். அது ஒன்று. இத்தனை வருடம் பிந்திப்போன படிவத்தோடு, என்னைத் தெரிந்த உத்தியோகத்தர்கள் முன்னால் போய் நிற்க வெட்கம். அது இன்னொன்று. மூன்றாவது, சொல்லக் கூசுகிறது. கடிதத்தை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது இரக்கமல்ல, எரிச்சல். என் புகாருக்குள் நின்ற உருவம் பேசிவிட்டதே என்ற எரிச்சல்.

மடித்து மண்ணிற உறைக்குள் வைத்தேன். அடுத்த கிழமை பதில் எழுதுவோம் என்று.

இரண்டாவது கடிதம் மழைக்காலத்தில் வந்தது. அதில் முதல் கடிதம் கிடைத்திருக்காது என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி எழுதியிருந்தார். கோபமாக ஒரு சொல்லும் இல்லை. அதையும் மடித்து வைத்தேன்.

மூன்றாவது, பதிவுத் தபால். தபால்காரர் படலையில் நின்று மணி அடித்தார். கடிதம் கிடைத்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்து வைத்து அனுப்பவேண்டிய ஒரு சின்ன அட்டையும் அதோடு இருந்தது. "சேர், இதிலயும் ஒண்டு," என்றார். துவிச்சக்கரவண்டி இருக்கையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். உறுதிகளுக்குப் போடும் அதே கையெழுத்து, முடிவில் ஒரு நீண்ட வால். பிறகு கடிதங்கள் வரவில்லை. அவர் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன்பின் இரண்டு வருடமும் ஐப்பசியில் மழை தொடங்கினால் ஒரு கனவு வரும். கார் ஆளில்லாமல் தானே முற்றத்தைவிட்டு வெளியே போகிறது. செங்கலடி, மகா ஓயா, பிபிலை என்று ஏறிக்கொண்டே போகிறது. நான் பின்னால் நடக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் அதன் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது. எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். அது போய்ச் சேருமுன் விழித்துவிடுவேன்.

பிறகு ஒருநாள், தண்ணீர் இணைப்புக்கு விண்ணப்பிக்க வீட்டு உறுதியின் பிரதி கேட்டார்கள். மனைவி அலுமாரியைத் திறந்து உறையை எடுத்தாள். நான் முற்றத்தில் கார் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இஞ்ச வாங்க."

குரலிலேயே தெரிந்துவிட்டது. போனேன். சாப்பாட்டு மேசையில் மூன்று கடிதங்களையும் விரித்து வைத்திருந்தாள்.

"என்ட உறுதிக்குள்ள ஆருட கடிதம் இது?"

"அந்தக் கார்... அந்தப் பொம்புள."

"நான் மூண்டையும் வாசிச்சிட்டன். நீங்க வாசிச்சதா?"

"ஓம்."

"வாசிச்சிப்போட்டு மடிச்சி வெச்சிரிக்கீங்க." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "இவ்வளவு நாளும் நான் பகிடிக்குக் கதைச்சன். அந்தப் பொம்புளைக்கு ஒரு மகள் இரிக்காம். எங்கட ஊரில ஒருத்தன் ஒரு பொம்புளப்புள்ளையிட வீட்டக் கெடுத்தா அவனுக்கு என்ன பேர்? சொல்லுங்க. உறுதி எழுதினவர்தானே."

என் கையிலிருந்து சவர்க்காரத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் சோறு போட்டாள். எதிரில் வந்து உட்காரவில்லை.

மறுநாளே படிவத்தை நிரப்பிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். பேத்தி வயதுள்ள ஒரு பிள்ளை அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. வைத்த கையெழுத்து மங்கிப்போயிருக்கிறது, அடையாள அட்டை பழையது, இத்தனை வருடம் கழிந்துவிட்டது, இதை ஏற்கமுடியாது என்றது. "புத்தகத்தில இரிக்கிற ஆளிட்டப் புதுசா ஒரு போமில கையெழுத்து வாங்கிட்டு வாங்க, ஐயா. அவங்க உயிரோட இரிக்காங்களா?"

அந்தக் கேள்வியை அதுவரை நான் எனக்குள் கேட்கவேயில்லை.

விடியுமுன் மலைக்குப் புறப்பட்டோம். மனைவி தானும் வருவேன் என்று ஒரு கூடை நிறைய மாம்பழமும் ஒரு பொட்டலம் காய்ந்த இறாலும் எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். மகா ஓயாவில் தேத்தண்ணி குடிக்கும்போது, "அவ இல்லாட்டி என்ன செய்வீங்க?" என்றாள். "மகளிட்டச் சொல்லுவன்," என்றேன். "எதச் சொல்லுவீங்க?" என்றாள். நான் தேத்தண்ணிக் காசைக் கொடுக்க எழுந்தேன்.

லுணுகலைக்கு மேலே வீதி சுற்றத் தொடங்கியது. புகார் ஒரு வளைவில் வந்து மூடும், அடுத்த வளைவில் விலகும். விலகும்போது பள்ளத்தில் பச்சை, எங்கோ ஒரு கோயில் மணி, பிறகு மறுபடி வெள்ளை. கார் ஒரு தடவையும் சிணுங்கவில்லை. என் கனவில் ஏறியதுபோலவே ஏறியது. நான் ஓட்டவில்லை, அது என்னைக் கொண்டுபோகிறது என்று இருந்தது. எங்கே திரும்பவேண்டும் என்று கேட்க ஒரு கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார். "இது நம்ம டிரைவர் அண்ணனோட வண்டியில்ல?" என்று கேட்டுவிட்டு, அவரே வழியைக் காட்டினார்.

லயத்தின் முன்சுவரில் சிவப்பெழுத்துப் பலகை. மேலே மண்மேட்டில் ஒரு வெடிப்பு, குழந்தை நுழையும் அளவு. கடைசிக் காம்பரா வீட்டின் வாசலில் கட்டையான உருவமும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பெண் கொழுந்துக் கூடையின் பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தார். சால்வை இல்லை. கார்ச் சத்தத்துக்குத் தலை நிமிர்த்தியவர் எழுந்தே விட்டார். பக்கத்திலிருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். யார் இறங்கப்போகிறார்கள் என்று அவர் நினைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

உள்ளே உட்காரவைத்தார்கள். தேத்தண்ணி வந்தது. நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். மட்டக்களப்பில் தபால் ஒழுங்கில்லை, கடிதம் கைக்கு வந்துசேரவில்லை, சமீபத்தில்தான் விஷயம் தெரியவந்தது. மனைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தாள்.

அந்த அம்மா எழுந்துபோய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தார். திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, என் முழங்காலில் வைத்தார்.

"இது ஒங்க கையெழுத்துங்களா, ஐயா?"

நீண்ட வால்.

"ரொம்ப அழகா இருக்குங்க," என்றார். குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். "இத மகளுக்கும் காட்டினேன். இவ்வளவு அழகா கையெழுத்து போடுறவரு நல்லா படிச்சவராத்தான் இருப்பாரு, கட்டாயம் பதில் வரும்னு சொன்னேன். ஒரு வருஷம் தபால்காரரைப் பாத்துக்கிட்டே இருந்தோம். அப்பறம், பெரியவரு தவறிட்டாராக்கும்னு நெனச்சுக்கிட்டோம்."

வாசலால் புகார் உள்ளே வந்து அடுப்புப் புகையோடு கலந்தது. எத்தனையோ பேரின் கையெழுத்தைப் பார்த்து, "இது உங்கட கையெழுத்துத்தானே?" என்று நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு இத்தனை பாரம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

"வந்தது," என்றேன். "மூண்டும் வந்தது. வாசிச்சன். வேணுமெண்டுதான் பேசாம இருந்தன்."

மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். முப்பது வயதிருக்கும். திரும்பி வர வெகுநேரமாயிற்று. தாய் மட்டும் புதுப் படிவத்தை வாங்கி, எந்த இடத்தில் என்று கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்து வைத்தார். முடித்ததும் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"ஐயா, கார் ஒங்க பேருக்கு மாறிடும். ஆனா ஆபீஸ்ல கேப்பாங்க, இத்தன வருஷம் ஏன் சொல்லலன்னு. நான் சொன்னேங்க. நம்பல. கார வாடகைக்கு விட்டு ஒளிச்சு வச்சிருக்கேன்னு சொன்னாங்க. நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுப்பீங்களா?"

அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. அவர் கொடுத்த கொப்பித்தாளில் சத்தியக் கடதாசி எழுதத் தொடங்கினேன். "தவிர்க்கமுடியாத காரணங்களினால் உரிமை மாற்றம் தாமதமாகியதென்றும்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"அப்படி வேணாங்க," என்றார். "தவிர்க்க முடியாததுன்னா யாரு மேலயும் தப்பில்லன்னு ஆயிடும். அப்பறம் பழையபடி என் மேலதான் வந்து நிக்கும். கடுதாசி வந்துச்சு, படிச்சேன், பதில் போடலன்னு எழுதுங்க."

வெட்டிவிட்டு அப்படியே எழுதினேன். என் நாற்பது வருடத்தில் அதைவிடக் குறைந்த சொற்களில் நான் எதையும் எழுதியதில்லை.

எழுதி முடித்ததும் என் மனம் ஒரு பெரிய காரியம் செய்யத் துடித்தது. சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். "அம்மா, இந்தக் கார நீங்களே வெச்சிருங்க. எனக்கு இது வேணாம்," என்றேன்.

"ஐயோ சாமி!" அவர் சாவியைப் பாம்பைத் தள்ளுவதுபோல் தள்ளினார். "திரும்பவும் கார் என் தலையிலயா? இப்பத்தானே கையெழுத்து வச்சு தொலைச்சேன்! இந்தத் தடவ மக பேரையும் சேத்து வெட்டிருவாங்க!"

மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு அந்த அம்மா. உள்ளே வந்துகொண்டிருந்த மகளுக்கும் சிரிப்பு வந்து, அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் தியாகம் மேசையில் மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் கிடந்தது.

கடதாசியில் முத்திரை வாங்கக் கடைவீதிக்குச் சமாதான நீதவானிடம் போகவேண்டும். அந்த அம்மா கேட்காமலே முன்னாசனத்தில் ஏறினார். அந்த இடத்தில் எப்போதும் உட்காரும் என் மனைவி பின்னால் மகளோடு ஏறிக்கொண்டாள். இரண்டாவது வளைவில் அந்த அம்மா கையை நீட்டி முன்பலகையில் ஓரிடத்தைத் தட்டினார். நாலைந்து வருடமாக என்னைத் தொல்லைப்படுத்திய ஒரு நடுங்கல் சத்தம் நின்றது.

"இங்கதாங்க தட்டணும்," என்றார்.

அந்த வாசத்தைப் பற்றிக் கேட்டேன். கார் முழுக்க இருக்கும் அந்த இலை வாசம். மனதுக்குள் ஒரு மலைப்பாட்டே எழுதிவைத்திருந்தேன்.

"அதுங்களா? தைலமரத்து எல. ஆசனத்துக்கு அடியில சாக்குல கட்டி வச்சிருப்பாரு. இந்த ரோட்டுல வர்றவங்க பாதிப்பேரு வாந்தி எடுப்பாங்க, அந்த நாத்தம் போகத்தான்."

பின்னால் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்து ஓய்ந்தபின் அந்த அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கையை மட்டும் கியர்க்கம்பிக்குப் பக்கத்தில், தொடாமல், வைத்திருந்தார்.

சமாதான நீதவான் கடதாசியைச் சத்தமாக வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நொத்தாரிசுன்னு போட்டிருக்கு. இப்படியேவா போடுறது, சார்?"

"இப்பிடியே போடுங்க," என்றேன்.

மாலையில் அவர்களை லயத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். இறக்கத்தில் மனைவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். பிபிலை தாண்டினோம். பிறகு, "நீங்க முதல்ல பொய் சொன்னீங்க," என்றாள். "ஓம்," என்றேன். "அதையும் ஒருநாளைக்கு எழுதுங்க," என்றாள். எழுதிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் புத்தகம் என் பெயருக்கு மாறியது. தபாலில் வந்ததைப் பிரித்துப் பார்த்தேன். இந்த ஊரில் என் பெயரில் இருக்கும் ஒரே சொத்து அது. அதற்கு மேலே, முந்திய உரிமையாளர் என்று அவர் பெயர். முன்கண்ணாடியில் இப்போது என் பெயர் இடம்வலமாகத் தெரிகிறது. பாலத்தில் போகும்போது அதை வாசிப்பதில்லை. அந்த வாசமும் குறைந்துகொண்டு வருகிறது. அல்லது என்னவென்று தெரிந்துவிட்டதால் மூக்குக்கு எட்டவில்லை.

அவர் பெயரை மறுபடி பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்தது கடைசியில். முதலில் அவருக்கு ஒதுக்கியிருந்த மேட்டுக் காணி இன்னொரு குடும்பத்துக்குப் போய்விட்டது. அங்கே வீடு எழும்பி, படியில் பூச்சாடிகூட வைத்துவிட்டார்களாம். இவருக்குக் கிடைத்தது ஓடைப் பக்கம், கீழ்க்கோடி. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னார். அந்த நான்கு மழைக்காலமும் பள்ளிக்கூட வாங்கில் படுத்ததில் அவருக்கு நெஞ்சுச்சளி நிரந்தரமாகிவிட்டது. பேசும்போது இடையில் நின்று மூச்சு வாங்குவார். அதை எந்தக் கடதாசியாலும் பெயர் மாற்ற முடியாது.

போன கிழமை பகலில் அழைத்தார்.

"ஐயா, அளந்துட்டு நாலு குச்சி நட்டுட்டு போயிருக்காங்க. ஒறுதி யாரு பேருல எழுதணும்னு கேக்குறாங்க. என் பேருலயா, மக பேருலயா? ஒங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

நான் வாயைத் திறக்குமுன் குசினிக்குள்ளிருந்து மனைவி கத்தினாள். "மகள்ட பேரில எண்டு சொல்லுங்க! இதுக்கென்ன யோசின!"

"மகள்ட பேரில எழுதச் சொல்லுங்க, அம்மா," என்றேன். "கையெழுத்து வைக்க முதல் எனக்கொருக்கா வாசிச்சுக் காட்டுங்க. நாலு எல்லையும் சரியா எண்டு பாக்கிறன்."

"சரிங்க," என்றார். பிறகு அவர் பேச்சு கேட்கவில்லை. அங்கே மழை பிடித்துவிட்டது. தொலைபேசிக்குள் லயத்துக் கூரைத்தகரத்தில் அது விழுவது மட்டும் கேட்டது. அவர் வைப்பார் என்று நான் காத்திருந்தேன். நான் வைப்பேன் என்று அவரும் காத்திருந்திருப்பார். சற்று நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். நாலு குச்சிகளும் நனைந்துகொண்டிருக்கும். சுவர் இன்னும் எழும்பவில்லை.